லாபம் இருக்கட்டும், சரக்கு எங்கே நிக்குது?

அய்யனார் கோவிலுக்குப் போனால் சாமி கும்பிடுவது பத்து நிமிஷம், ஆற்றில் கிடப்பது ஒரு மணி நேரம், மிச்ச நேரமெல்லாம் ஷேர் மார்க்கெட். எங்கள் செட்டின் வழக்கம் இது. ராஜபாளையத்தைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. 1936ல் ராஜபாளையம் மில், அப்புறம் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் (2013க்குப் பிறகு ராம்கோ சிமெண்ட்ஸ்) என்று வளர்ந்த ஊர். டீக்கடையில் மாங்காய் விலை பேசுகிற அதே வாய், அடுத்த நிமிஷம் டிவிடெண்ட் பேசும்.

வழக்கமாக சிமெண்ட், நூல் விலை என்று போகும் பேச்சு கடைசி முறை கம்ப்யூட்டர் கம்பெனிகள் பக்கம் திரும்பி, சண்டையில் போய் நின்றது. அந்தச் சண்டையில் சில விஷயங்கள் எனக்கே தெளிவாயின. அதனால்தான் இந்த நீளமான பதிவு. காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஆட்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் ஐ.டி. வேலை பார்க்கிற தம்பி ஒருவன். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணிக்குத் தறி வைத்திருக்கிற மாப்பிள்ளை ஒருத்தர். டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற அண்ணன். நான், ஊரார் கணக்கு வழக்குகளைப் பார்த்துப் பிழைக்கிறவன்.

தம்பிதான் ஆரம்பித்தான். "அண்ணே, லாபம் ரெண்டு மடங்குக்கு மேல ஏறியிருக்கு. ஷேர் ஒரே நாள்ல பதினாலு சதவீதம் விழுகுது. இது சூதாட்டம் இல்லாம வேற என்ன?"

அவன் சொன்னது டிக்சன் டெக்னாலஜிஸ் கதை. முக்கியமாக செல்போன், கூடவே டி.வி., வாஷிங் மெஷின், லேப்டாப் என்று மற்ற பிராண்டுகளுக்குச் செய்து கொடுக்கிற கம்பெனி. 2024 அக்டோபர்–டிசம்பர் காலாண்டில் அதன் விற்பனை 10,454 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு இதே காலாண்டில் 4,800 கோடி சொச்சம்தான். லாபம் 97 கோடியில் இருந்து 217 கோடி. இந்தக் கணக்கு வெளிவந்த மறுநாள், 2025 ஜனவரி 21 அன்று, ஷேர் ஏறக்குறைய 14 சதவீதம் சரிந்தது.

சூதாட்டமில்லை. அந்த ஷேர் 2024ஆம் ஆண்டு முழுக்க ஏறி, இரண்டரை மடங்கைத் தாண்டியிருந்தது. லாபம் இரட்டிக்கும் என்பதை வாங்கினவர்கள் ஏற்கெனவே விலையில் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் பார்த்தது வேறு எண்: ஜூலை–செப்டம்பரில் விற்பனை 11,534 கோடியாக இருந்தது, அடுத்த காலாண்டில் இறங்கிவிட்டது. போன வருஷத்தோடு பார்த்தால் பெரிய ஏற்றம், போன காலாண்டோடு பார்த்தால் இறக்கம். எதிர்பார்ப்பு எந்த எண்ணின் மேல் நின்றதோ, விலை அதைத்தான் பிடித்துக்கொண்டு இறங்கும்.

ஆப்பிளுக்கும் இதே நடந்திருக்கிறது. 2012 அக்டோபர்–டிசம்பரில் 5,450 கோடி டாலர் விற்பனை, 1,310 கோடி டாலர் லாபம். அதுவரை அந்தக் கம்பெனி பார்க்காத உச்சம். முடிவு வந்த மறுநாள், 2013 ஜனவரி 24 அன்று, ஷேர் 12 சதவீதம் விழுந்தது. உச்சத்தை எல்லாரும் முன்பே எதிர்பார்த்திருந்தார்கள். அடுத்த காலாண்டைப் பற்றிக் கம்பெனி சொன்னதுதான் எதிர்பார்ப்புக்குக் கீழே இருந்தது.

தம்பி விடுவதாக இல்லை. "சரி, அப்ப எதிர்பார்ப்பை எப்படித்தான் கணக்குப் போடுறாங்க?"

அதுவரை ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்த கடைக்கார அண்ணன் வாயைத் திறந்தார். "உங்களுக்கெல்லாம் ரிசல்ட் வந்தப்புறம்தான் தெரியும். எனக்கு மார்ச் இருபதாந் தேதியே தெரிஞ்சிரும்."

மார்ச் கடைசி வாரத்துக் கதை

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். கம்பெனி பெயரை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"காலாண்டு முடியப்போகுதுன்னா டிஸ்ட்ரிபியூட்டர்ட்ட இருந்து போன் வரும். 'அண்ணே, இன்னும் இருபது பீஸ் எடுத்துக்கிட்டா அடுத்த ஸ்லாப் வந்துரும், ஸ்கீம் பாசாகும், பணம் மெதுவாக் குடுங்க'ம்பாரு. எனக்கு மாசத்துக்கு அஞ்சு லேப்டாப் போனாப் பெரிசு. ஸ்கீமுக்கு ஆசைப்பட்டு எடுப்பேன். பெட்டி எங்க கடை மாடியில அடுக்கியிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கம்பெனியில இருந்து இதே மாதிரி போன் வந்திருக்கும். அவர் குடோன்ல ஆயிரம் பெட்டி. கம்பெனிக்காரன் இதையெல்லாம் 'வித்தாச்சு'ன்னு எழுதிருவான். ஆனா ஒரு காலேஜ் பையன் கையில ஒண்ணுகூட இன்னும் போகல."

கடைக்காரர்கள் பாஷையில் இதற்குப் பெயர் உண்டு. கம்பெனியில் இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது பிரைமரி. டிஸ்ட்ரிபியூட்டரிடம் இருந்து கடைக்கு வருவது செகண்டரி. கடையில் இருந்து வாங்குகிறவர் கைக்குப் போவது டெர்ஷரி. பங்குதாரர் பார்க்கிற வருமானம் பெரும்பாலும் பிரைமரிதான். கணக்கு விதியும் அதை அனுமதிக்கிறது. சரக்கின் மேல் உள்ள அதிகாரம் வாங்குகிறவருக்கு மாறிவிட்டால் அது விற்பனை. வாங்குகிறவர் டிஸ்ட்ரிபியூட்டராக இருந்தாலும் சரிதான். பொய்க்கணக்கு என்று யாரையும் சொல்ல முடியாது. ஆனால் கடைசி ஆள் வாங்காதவரை அந்த விற்பனை முழுசாக முடியவில்லை.

"அப்புறம் என்ன ஆகும்?" என்றார் மாப்பிள்ளை.

"ஏப்ரல்ல ஆர்டர் போட மாட்டேன். மே மாசமும் போட மாட்டேன். அதுக்குள்ள புது மாடல் வந்துரும், பழசுக்கு விலையைக் குறைப்பான். குறைச்ச பணத்துக்குக் கிரெடிட் நோட் வரும்னு காத்துக் கிடப்பேன். கம்ப்யூட்டர் ஊறுகாய் இல்லையே, இருக்க இருக்க ருசி கூடுறதுக்கு."

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பெட்டி கம்பெனி குடோனை விட்டுக் கிளம்பிவிட்டதால், கம்பெனியின் கணக்கில் சரக்கு இருப்பு குறைந்திருக்கும். மேலோட்டமாகப் பார்ப்பவர், "பரவாயில்லையே, சரக்கு தேங்கவில்லை" என்று நினைப்பார். தேக்கம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அது தெரிவது வேறொரு வரியில்: வரவேண்டிய பாக்கி. விற்பனை இருபது சதவீதம் கூடியிருக்க, பாக்கி அறுபது சதவீதம் கூடியிருந்தால், பெட்டிகள் யார் மாடியிலோ அடுக்கியிருக்கின்றன என்று சந்தேகப்படலாம்.

திரும்பி வரும்போது ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்கு இதையே வேறு மாதிரி சொன்னேன். ராஜபாளையத்துக் குழாய்களுக்கு இந்தத் தேக்கத்தில் இருந்து தண்ணீர் போகிறது. மலையில் மழை பெய்து எவ்வளவு வந்தது என்பது மட்டும் தெரிந்தால் போதாது, ஊருக்கு எவ்வளவு போகிறது, இருப்பு எவ்வளவு என்று மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் கம்பெனியின் காலாண்டு அறிக்கை வரத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது.

கணக்காகவே சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனி காலாண்டில் 10 லட்சம் கம்ப்யூட்டர் அனுப்பியது என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் கடைகளிலும் குடோன்களிலும் 2 லட்சம் இருந்தது, முடிவில் 4 லட்சம் இருக்கிறது. ஜனங்கள் வாங்கியது 8 லட்சம்தான். அடுத்த காலாண்டிலும் ஜனங்கள் அதே 8 லட்சம் வாங்கி, கடைகள் இருப்பைப் பழைய 2 லட்சத்துக்குக் கொண்டுவந்தால், கம்பெனி அனுப்பப்போவது 6 லட்சம். வாங்குகிறவன் மாறவே இல்லை. கம்பெனி விற்பனை மட்டும் 10இல் இருந்து 6 ஆகிறது. டி.வி.யில் அதைத்தான் "எதிர்பாராத சரிவு" என்பார்கள்.

ஆப்பிள் கற்ற பாடம்

இதில் செத்துப் பிழைத்த கம்பெனி ஆப்பிள். 1995 கிறிஸ்துமஸுக்கு விலை குறைந்த பெர்ஃபார்மா மாடல்களை அளவுக்கு மீறிச் செய்து குவித்தார்கள். ஜனங்கள் கேட்டதோ பவர் மேக். அது கையிருப்பில் இல்லை. விற்காதது மலையாகக் கிடக்க, விற்கிறது கிடைக்காமல் போனது. 1996 ஜனவரி–மார்ச் காலாண்டில் 74 கோடி டாலர் நஷ்டம். அதில் தேங்கிய சரக்கின் மதிப்பைக் குறைத்து எழுதியது பெரும் பங்கு.

1998 மார்ச்சில் டிம் குக் காம்பேக்கில் இருந்து ஆப்பிளுக்கு வந்தார். இன்று அவரை ஐபோன் காலத்துத் தலைவராகத்தான் தெரியும். அன்று அவர் வந்த வேலை சரக்கு மேலாண்மை. 1997 செப்டம்பர் இறுதியில் ஆப்பிளின் சரக்கு இருப்பு 43.7 கோடி டாலர். ஒரே ஆண்டில், 1998 செப்டம்பரில், அது 7.8 கோடி. உற்பத்திச் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஏறக்குறைய 28 நாள் சரக்கு 6 நாள் சரக்காகச் சுருங்கியது. புது மேக் டிசைனைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். கம்பெனியைக் காப்பாற்றியதில் இந்த 22 நாளுக்கும் பங்கு உண்டு.

அடிபட்ட கம்பெனி என்பதாலோ என்னவோ, பல ஆண்டுகள் ஆப்பிள் இந்த விஷயத்தில் மற்றவர்களைவிட வெளிப்படையாக இருந்தது. எத்தனை மேக், எத்தனை ஐபோன் அனுப்பினோம் என்பதோடு, விற்பனை வழியில் எத்தனை வாரச் சரக்கு நிற்கிறது என்றும் முதலீட்டாளர்களிடம் சொன்னார்கள். ஐபோனுக்கு 4 முதல் 6 வாரம் என்பது ஒரு காலத்தில் அவர்கள் வைத்திருந்த அளவு. முதலீட்டாளர்கள் அந்த வாரங்களைக் கூட்டிக் கழித்து, உண்மையான தேவையைக் கண்டுபிடித்தார்கள்.

2018 நவம்பரில், இனிமேல் எண்ணிக்கை சொல்லமாட்டோம் என்று அறிவித்தார்கள். இரண்டு மாதம் கழித்து, 2019 ஜனவரி 2 அன்று, குக் பங்குதாரர்களுக்குக் கடிதம் எழுதினார்: 8,900 முதல் 9,300 கோடி டாலர் என்று சொல்லியிருந்த வருமானம் 8,400 கோடிதான் வரும். முக்கியமான காரணம் சீனாவில் சரிந்த விற்பனை. மறுநாள் ஷேர் ஏறக்குறைய 10 சதவீதம் இறங்கியது.

தம்பி இங்கே ஒரு நல்ல கேள்வி கேட்டான். "சப்ளையர்கிட்ட ஆர்டர் குறைஞ்சிருச்சுன்னு நியூஸ் வருமே, அதைப் பார்த்தே முன்னாடி வித்துறலாமே?"

அதுவும் வழுக்குப்பாறைதான். ஐபோன் 5க்கான திரை ஆர்டர்களைக் குறைத்துவிட்டார்கள் என்று 2013 ஜனவரியில் செய்தி வந்து ஷேர் ஆட்டம் கண்டது. ஒரே உதிரிபாகம் பல இடங்களில் இருந்து வருகிறது, தயாரிப்பில் கழிவு குறைந்தாலும் ஆர்டர் குறையும், ஒரு தகவலை வைத்து மொத்த வியாபாரத்தையும் அளக்காதீர்கள் என்கிற பொருளில் குக் அன்று விளக்கினார். நியாயமான பேச்சு. ஆனால் அவர் சொல்வதற்காகத் தகவலைத் தூக்கி எறியவும் கூடாது. மற்ற எண்களோடு பொருத்திப் பார்க்க வேண்டும். 2022இல் சிப் கம்பெனி ஏ.எம்.டி. 670 கோடி டாலர் என்று சொன்ன காலாண்டு வருமானம் 560 கோடிதான் வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் தேங்கிய சரக்கைக் கரைப்பதால் புதிதாக வாங்கவில்லை என்று அதுவே காரணம் சொன்னது. அடுத்த சில மாதங்களில் உலகம் முழுக்கக் கம்பெனிகள் அனுப்பிய கம்ப்யூட்டர் எண்ணிக்கை நான்கில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. அங்கே சப்ளையர் சொன்னது பலித்தது.

நம்ம ஊர்க் கணக்கு

இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று மாப்பிள்ளை சொன்னார். இல்லை. இந்தியக் கம்ப்யூட்டர் சந்தையின் எண்ணையே தமிழ்நாடு ஒரு காலாண்டில் புரட்டிப்போட்டிருக்கிறது. 2019 ஏப்ரல்–ஜூனில் இந்தியாவின் கம்ப்யூட்டர் விற்பனை முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய பாதி கூடியது. முக்கியக் காரணம், விலையில்லா லேப்டாப்புக்காக அரசு நிறுவனமான எல்காட் மூலமாக லெனோவாவுக்குப் போன தமிழக அரசின் ஆர்டர். அந்த எண்ணைப் பார்த்து, "ஜனங்கள் லேப்டாப் வாங்கக் கிளம்பிவிட்டார்கள்" என்று நினைத்தவர் ஏமாந்திருப்பார். அரசாங்க ஆர்டர் ஒரு முறை வந்து போகும். அடுத்த ஆண்டு அதே காலாண்டு அதோடு ஒப்பிடப்பட்டு, பள்ளத்தில் விழுந்தது போலத் தெரியும். 2025 மார்ச் பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டில் 20 லட்சம் கருவிகள் என்று தமிழக அரசு அறிவித்தது. அதை ஒட்டிய காலாண்டுகளைப் படிக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு விதிகளும் சரக்கை அசைக்கும். 2023 ஆகஸ்ட் 3 அன்று லேப்டாப் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று மத்திய அரசு திடீரென அறிவித்தது. டிக்சன் ஷேர் அன்றே ஏறியது. அடுத்த நாளே அமலை அக்டோபர் கடைசி வரை தள்ளிவைத்தார்கள். பிறகு கட்டுப்பாடு தளர்ந்து, முன் அனுமதி முறையாக மாறியது. இடைப்பட்ட மாதங்களில், கதவு சாத்தும் முன் சரக்கை உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும் என்கிற நினைப்பு எந்த வியாபாரிக்கும் வரும். அந்த மாதிரிக் காலாண்டில் விற்பனை கூடியிருந்தால், பாதி பயத்தில் வாங்கியது.

உற்பத்தியும் இப்போது பக்கத்தில் வந்துவிட்டது. 2025 ஜனவரியில் சென்னை தாம்பரம் பக்கத்து ஏற்றுமதி மண்டலமான மெப்ஸில் சிர்மா எஸ்.ஜி.எஸ். லேப்டாப் தயாரிப்பைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டி.வி.யில் "உற்பத்தித் திறன்", "ஆர்டர் புத்தகம்" என்று காதில் விழும்போதெல்லாம் ஷேர் வாங்கத் துடிக்கிறவர்கள் நம்மைச் சுற்றியே இருக்கிறார்கள்.

எதைப் பார்ப்பது?

நான் பார்க்கிற வரிசை இது.

ஒன்று, இந்தியக் கம்பெனிகள் காலாண்டு முடிந்த 45 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆண்டு முடிவுக்கு 60 நாள். ஆனால் பேலன்ஸ் ஷீட்டும் பண வரத்துப் பட்டியலும் செப்டம்பர், மார்ச் முடிவுகளோடு மட்டும்தான் கட்டாயம். ஜூன், டிசம்பர் முடிவுகளில் லாபம் தெரியும், சரக்கும் பாக்கியும் தெரியாது. அந்த இரண்டு காலாண்டு முடிவுகளைப் பார்த்து அவசரப்பட்டு வாங்காதீர்கள்.

இரண்டு, அந்தக் காலாண்டுகளிலும் ஒரு துப்பு உண்டு. செலவுப் பட்டியலில் 'சரக்கு இருப்பில் மாற்றம்' என்று ஒரு வரி வரும். அது பெரிய மைனஸாக இருந்தால், செய்த சரக்கு குடோனில் சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

மூன்று, பாக்கியை விற்பனையால் வகுத்து 365ஆல் பெருக்குங்கள். எத்தனை நாளில் பணம் வருகிறது என்று தெரியும். சரக்குக்கும் இதே மாதிரி, உற்பத்திச் செலவால் வகுத்துப் பாருங்கள். ஒரு ஆண்டின் எண்ணுக்கு அர்த்தமில்லை. ஐந்து ஆண்டுகளை வரிசையாக எழுதினால் கதை தெரியும்.

நான்கு, லாபம் எவ்வளவு, தொழிலில் இருந்து கையில் வந்த பணம் எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். லாபம் வருஷா வருஷம் ஏறி, பணம் மட்டும் வராமல் இருந்தால், வளர்கிற கம்பெனிக்கு அப்படித்தான் என்று ஒன்றிரண்டு ஆண்டு பொறுக்கலாம். அதற்கு மேல் பொறுக்கக் கூடாது.

ஐந்து, சரக்கு கூடினாலே கெட்டது என்று நினைக்காதீர்கள். ஆண்டறிக்கையின் குறிப்புகளில் மூலப்பொருள் எவ்வளவு, முடிந்த சரக்கு எவ்வளவு என்று பிரித்திருப்பார்கள். 2025 கடைசியில் ஏ.ஐ. சர்வர்களுக்கான தேவையால் மெமரி சிப் விலை தாறுமாறாக ஏறியது. க்ரூஷியல் என்கிற பெயரில் சில்லறை வாடிக்கையாளருக்கு விற்றுவந்த தொழிலையே கைவிடுவதாக மைக்ரான் டிசம்பரில் அறிவித்தது. அப்படிப்பட்ட நேரத்தில் சிப்பை முன்கூட்டி வாங்கி வைத்திருக்கிற கம்பெனி புத்திசாலி. முடிந்த லேப்டாப்பை அடுக்கி வைத்திருக்கிற கம்பெனி மாட்டிக்கொண்டது.

ஆறாவது, எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. உங்கள் ஊர்க் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போய், "எந்தப் பிராண்டுக்கு இப்ப ஸ்கீம் ஜாஸ்தி?" என்று கேளுங்கள். அள்ளிக் கொடுக்கிற பிராண்ட் எது, கேட்டாலும் சரக்கு கிடைக்காத பிராண்ட் எது என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். ஒரு கடை இந்தியா ஆகாதுதான். ஆனாலும் ஆய்வு அறிக்கையைப் படித்த பிறகு இந்தப் பதிலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

நான் செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை. மேலே பெயர் சொன்ன எந்தக் கம்பெனியையும் வாங்கவோ விற்கவோ சொல்லவில்லை. சொல்வது இவ்வளவுதான்: கம்ப்யூட்டர் செய்கிற கம்பெனியில் லாபம் என்பது பாதிக் கணக்கு. மீதிக் கணக்கு சரக்கிலும் பாக்கியிலும் இருக்கிறது. அடுத்த முறை "லாபம் இரட்டிப்பு" என்று செய்தி ஓடினால், அந்த இரண்டு வரியைத் தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் பணத்தைப் போடுங்கள்.